சபையில் உட்கார்ந்திருந்தால் அது சம்மதமா?

எங்கள் மாமா வீட்டு பீரோவில் ஒரு 20 ரூபாய் முத்திரைத்தாள் இருக்கிறது. 2003-ல் எழுதியது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் இப்போது பழுப்பேறிவிட்டது. "இன்று முதல் மேற்படி குழந்தையின் மேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித பாத்தியதையும் இல்லை என மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்று ஏதோ காலிமனையைக் கிரயம் பேசுகிற மாதிரியே போகும் வாசகம். குழந்தை என்பது என் சித்தியின் மூன்றாவது மகள், அப்போது மூன்று வயது. வாங்கிக்கொண்டவர் பிள்ளை இல்லாத என் மாமா, சித்திக்குக் கூடப்பிறந்த அண்ணன். எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில் சித்தப்பா கையெழுத்து, எழுதி வாங்கியவர் என்ற இடத்தில் மாமா கையெழுத்து. சித்தி? சாட்சிகள் வரிசையில் இரண்டாவதாக இருக்கிறார். பெற்ற மகளைக் கொடுக்கிற பத்திரத்தில் பெற்றவள் சாட்சி நம்பர் 2. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அம்மாவாகப் போகிற அத்தையின் கையெழுத்து எங்கேயுமே இல்லை. ஆனால் நோட்டரி முத்திரை மட்டும் நீல மசியில் ஜம்மென்று குத்தியிருக்கிறது.

இருபது வருஷம் இது யாருக்கும் உறுத்தவில்லை. அந்தப் பிள்ளை, எனக்குத் தங்கை முறை, வெளிநாட்டு வேலைக்காக பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் வினை வந்தது. பிறப்புச் சான்றிதழில் சித்தப்பா சித்தி பெயர், பள்ளிச் சான்றிதழில் மாமா அத்தை பெயர், நடுவில் பாலமாக இந்தச் செல்லோடேப் காகிதம். பதிவு செய்த தத்துப் பத்திரமோ கோர்ட் ஆர்டரோ இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள், கேட்டதில் தப்பும் இல்லை, எங்களிடம்தான் இரண்டும் இல்லை. அப்புறம் வக்கீல் ஆபீஸுக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் பாதிப் பேருக்குத் தத்து என்றால் முத்திரைத்தாளும் நோட்டரியும்தான் ஞாபகம் வருகிறது, சட்டமோ வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் தத்துக்கு இரண்டு பாதை இருக்கிறது, இதைக் குழப்பிக்கொண்டால் மேலே எதுவும் புரியாது. ஒன்று 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். கொடுப்பவர், வாங்குபவர், குழந்தை மூவரும் இந்துவாக இருந்தால் (சட்டக் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்) இந்தப் பாதை. இன்னொன்று 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அனாதையான, கைவிடப்பட்ட, அல்லது பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தைகளுக்கும், எந்த மதத்துக் குடும்பமானாலும் உறவுக்குள் தத்து எடுப்பவர்களுக்கும் இது. இஸ்லாமியர், கிறிஸ்தவர்களுக்கு ரொம்ப காலம் 1890-ம் வருஷத்து கார்டியன் சட்டம் மட்டும்தான் இருந்தது. அதில் நீங்கள் பாதுகாவலர் ஆகலாம், அப்பா அம்மா ஆக முடியாது, பிள்ளைக்கு 18 வயதானால் அந்த உறவும் காலாவதி. அப்போது அமலில் இருந்த 2000-ம் வருஷத்து பழைய இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

சரி, முதல் பாதை. இங்கே பலருக்கும் ஆச்சரியமாக இருக்கப்போகிற சங்கதி, பெற்றவர்கள் உயிரோடு இருந்து அவர்களே கொடுத்தால் கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம் என்பது. பத்திரம்கூடக் கட்டாயமில்லை. தத்த ஹோமம் என்கிற சடங்கும் கட்டாயமில்லை என்று சட்டமே வாய்விட்டுச் சொல்கிறது. வேண்டியது ஒன்றுதான், குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் நிஜமாக நடந்திருக்க வேண்டும், அதாவது பெற்ற குடும்பத்திலிருந்து பெறுகிற குடும்பத்துக்கு மாற்றுகிற எண்ணத்தோடு கை மாறியிருக்க வேண்டும். இவ்வளவு எளிதாகத் திறந்து வைத்த கதவு என்பதால்தான் வாசலிலேயே சம்மதம் என்கிற பூட்டைப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி என்று எண்ணிப் பாருங்கள். குழந்தையைக் கொடுப்பது அப்பா என்றால் அம்மாவின் சம்மதம் வேண்டும், அம்மா என்றால் அப்பாவின் சம்மதம் வேண்டும். வாங்குகிற பக்கமும் அப்படியே, கணவன் தத்தெடுத்தால் மனைவி சம்மதிக்க வேண்டும், மனைவி எடுத்தால் கணவன். இந்தச் சமத்துவம்கூட 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் அப்பா உயிரோடு இருக்கும்வரை கொடுக்கும் உரிமை அவருக்கு மட்டும், அம்மாவிடம் சம்மதம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான பெண் தன் பெயரில் தத்தெடுக்கவே முடியாது. எங்கள் வீட்டுப் பத்திரம் 2003 என்பதால் அதில் சித்தப்பா கொடுத்ததும் மாமா வாங்கியதும் அன்றைய சட்டப்படி சரியே. ஆனால் சித்தியின் சம்மதமும் அத்தையின் சம்மதமும் அன்றைக்கும் கட்டாயம்தான்.

இந்தச் சம்மதத்துக்கு விதிவிலக்கு மூன்றுதான். துணைவர் முழுமையாகவும் இறுதியாகவும் உலகத்தைத் துறந்திருக்க வேண்டும், அல்லது இந்துவாக இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது மனநலம் குன்றியவர் என்று தகுந்த நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். விட்டுவிட்டு ஓடிப்போன கணவன் இந்தப் பட்டியலில் இல்லை. காஷாயம் கட்டிக்கொண்டு போனால் சட்டம் அவன் சம்மதத்தை விட்டுவிடும், டாஸ்மாக் போய் வருகிறேன் என்று கிளம்பி நாலு வருஷமாகத் திரும்பாவிட்டால் விடாது. விவாகரத்தான அம்மா தன் பிள்ளையைத் தன் அக்காவுக்குக் கொடுக்க நினைத்தாலும் பழைய கணவன் தகப்பன்தானே, அவன் சம்மதம் வேண்டும். மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்காதவன் இந்த ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன் என்றார் எங்கள் வக்கீல். அதே சட்டத்தில் இன்னொரு வேடிக்கை, தத்தெடுக்கிற ஆணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள் உயிரோடு இருந்தால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று ஒரு விளக்கம் உண்டு. 1955-க்கு முந்தைய கல்யாணங்களை நினைத்துப் போட்டது, இன்னும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

சம்மதம் என்றால் என்ன என்பதுதான் அடுத்த கேள்வி, இங்கேதான் நம் வீட்டுப் பழக்கமும் கோர்ட்டும் முட்டிக்கொள்கின்றன. நம் வீடுகளில் பெண்களின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை, இருப்பதாக எடுத்துக்கொள்வோம். "அவளும் அங்கேதானே இருந்தா, ஒண்ணும் சொல்லலையே" என்றால் முடிந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே வாதம் போனது. கணவர் ஒரு பையனைத் தத்தெடுத்ததாகச் சொல்லப்பட்டது, மனைவி நான் சம்மதிக்கவில்லை என்றார், சடங்கின்போது கூட்டத்தில் இருந்தாரே என்று எதிர்த்தரப்பு. சடங்கு நடக்கும் இடத்தில் சும்மா வேடிக்கை பார்த்தபடி இருந்ததையோ, எதிர்ப்புத் தெரிவிக்காமல் வாய்மூடி இருந்ததையோ வைத்து மனைவி சம்மதித்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் அந்தச் சடங்கில் தானாக முன்வந்து பங்கெடுத்தார், மனதார ஒப்பினார் என்று காட்ட வேண்டும், அல்லது எழுத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாணம், காதுகுத்து, பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படியுங்கள், வேறு மாதிரி இருக்கும்.

2020-ல் வந்த இன்னொரு தீர்ப்பு இதைவிடக் கடுமையானது, எனக்கு முழுசாக ஜீரணமும் ஆகவில்லை. ஹைதராபாத் வழக்கு. சின்ன வயதில் அப்பா அம்மாவை இழந்த ஒரு பெண்ணைப் பெரியம்மாவும் அவர் கணவரும் வளர்க்கிறார்கள். பள்ளி, கல்லூரி ஆவணங்களில் எல்லாம் அப்பா அம்மா என்று அவர்கள் பெயர்தான். வளர்த்தவர் இறந்த பிறகு அந்தப் பெண் தன்னைத் தத்து மகள் என்று அறிவிக்கச் சொல்லியும் சொத்தில் பங்கு கேட்டும் வழக்குப் போடுகிறார். வளர்த்த பெரியம்மா கோர்ட்டில் வந்து, வளர்த்தது உண்மை, தத்து எடுக்கவில்லை, நான் சம்மதிக்கவும் இல்லை என்கிறார். உச்ச நீதிமன்றம் பெரியம்மா பக்கம்தான் நின்றது. மகளைப் போல வளர்த்தார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, ஆனாலும் கொடுத்து வாங்கிய நிகழ்ச்சிக்கும் மனைவியின் சம்மதத்துக்கும் ஆதாரம் இல்லாததால் சட்டப்படி அது தத்து ஆகாது என்று முடித்தது. மார்க் ஷீட்டில் பெயர் இருப்பதும், ரேஷன் கார்டில் பெயர் இருப்பதும், முப்பது வருஷம் அம்மா என்று கூப்பிட்டதும் தத்தாக மாறாது. எங்கள் தங்கையின் கேஸும் கிட்டத்தட்ட இதே உருவம்தான், ஒரே வித்தியாசம் எங்கள் அத்தை அவள் பக்கம் இருந்தார்.

எங்கள் வக்கீல் முதல் நாளே கேட்ட கேள்வி, இதை ரிஜிஸ்டர் ஆபீஸில் ஏன் பதியவில்லை என்பதுதான். கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த தத்துப் பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படிதான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நோட்டரி முத்திரைக்கு அந்த அந்தஸ்து கிடையாது. அன்றைக்கு சார்பதிவாளர் அலுவலகம் வரை பஸ்ஸில் போய்வந்திருந்தால் போதும், மாமாவுக்கு அன்று நெல் அறுப்பு இருந்ததாம்.

கொஞ்சம் பின்னால் போனால் இந்த சம்மத விவகாரத்தில் நம் ஊருக்கே ஒரு பங்கு இருப்பது தெரியும். 1956-க்கு முன் தத்து என்றாலே மகன்தான், பெண் குழந்தையைத் தத்தெடுப்பதைப் பொதுவான இந்துச் சட்டம் ஏற்கவில்லை. கணவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் தேவைப்படவில்லை. மனைவி வேண்டாம் என்றாலும் எடுக்கலாம். கணவன் இறந்த பிறகு விதவை தத்தெடுக்கலாமா என்பதில்தான் ஊருக்கு ஊர் வழக்கு. ராமநாதபுரம் ஜமீனில் சேதுபதி ஆண் வாரிசு இல்லாமலும் தத்துக்கு அனுமதி எழுதி வைக்காமலும் இறந்துபோக, ராணி பங்காளிகளின் சம்மதத்தோடு ஒரு பையனைத் தத்தெடுத்தார். தத்து செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்கு வந்துவிடும், ஆகவே மதுரை கலெக்டரே எதிர்த்தரப்பு. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1868-ல் ராணிக்குச் சாதகமாகத் தீர்ந்தது. திராவிட தேசத்து வழக்கப்படி கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும் அவன் சுற்றத்தாரின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம், வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் அது எழுதிவைத்த சாஸ்திரத்தைவிட மேலானது என்ற புகழ்பெற்ற வாசகம் வந்ததும் இதில்தான். சட்டக் கல்லூரியில் இதை வழக்கத்துக்கான தீர்ப்பாகப் படிப்பார்கள். எனக்குத் தெரிவதோ வேறு, ராணியின் விருப்பத்துக்கும் பங்காளிகள் தலையாட்ட வேண்டியிருந்தது, அந்தப் பையனைப் பெற்றவள் என்ன நினைத்தாள் என்பது கலெக்டருக்கும் கவுன்சிலுக்கும் ஒரு கேள்வியாகவே இல்லை.

கோர்ட் எப்போது உள்ளே வரும்? 1956 சட்டத்தில் ஒரே இடத்தில். பெற்றவர்கள் இருவரும் இறந்துவிட்டால், அல்லது உலகைத் துறந்துவிட்டால், அல்லது பிள்ளையைக் கைவிட்டுவிட்டால், அல்லது மனநலம் குன்றியவர்கள் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால், அல்லது பெற்றவர் யாரென்றே தெரியாவிட்டால், பாதுகாவலர் கொடுக்கலாம், ஆனால் நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு. முன் அனுமதி என்ற சொல்லைக் கவனியுங்கள். மகளும் மருமகனும் விபத்தில் போய்விட, பேரனைச் சின்ன மகளுக்குக் கொடுத்துவிட்டு அப்புறமாக ஆர்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் பாட்டிகள் இங்கேதான் சிக்குகிறார்கள். மாவட்ட நீதிமன்றமோ சிட்டி சிவில் கோர்ட்டோ மூன்று விஷயம் பார்க்கும். இது குழந்தையின் நலனுக்கா, குழந்தைக்கு வயதும் புரிதலும் இருந்தால் அதன் விருப்பம் என்ன, இதில் யாராவது காசு வாங்கினார்களா.

அந்த மூன்றாவது கேள்வி சம்பிரதாயம் இல்லை. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர் போனில் குழந்தைக்கு விலை சொல்லும் ஆடியோ பரவியதும், அதற்குப் பிறகு நடந்த கைதுகளும் நினைவிருக்கும். ஆண் என்றால் ஒரு விலை, பெண் என்றால் ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. இது மாதிரி விவகாரங்களில் வாங்கியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பல வருஷம் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கியவர்களிடம் "தாய் சம்மதிச்சிட்டா, ஆஸ்பத்திரி செலவை மட்டும் குடுத்துடுங்க" என்று ஒருவர் சொன்னால் அது உதவி மாதிரியே கேட்கும். ஆனால் செலவு என்ற சொல்லோடு பணம் உள்ளே வந்தவுடன் அந்தச் சம்மதத்தின் நிறம் மாறிவிடுகிறது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஆஸ்பத்திரிக்காரர்களே செய்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம். 2005-ல் சென்னையில் வெளிவந்த விவகாரம் இன்னும் மோசம். குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் போலி ஆவணங்களோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று தத்து போயிருந்தார்கள். காகிதத்தில் பெற்றவளின் சம்மதம் பக்காவாக இருந்தது. பெற்றவள் தெருத்தெருவாகப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் இரண்டாவது பாதையில் சம்மதத்தை ஒரே நாளில் முடிகிற விஷயமாக வைக்கவில்லை. வளர்க்க வழியில்லை என்று ஒரு பெண் தன் குழந்தையை ஒப்படைக்க நினைத்தால் அவர் குழந்தைகள் நலக்குழுவின் முன் வர வேண்டும், குழு விசாரிக்க வேண்டும், ஆலோசனை சொல்ல வேண்டும், அதற்கும் பிறகு உறுதியாக இருந்தால் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். கல்யாணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகாத தாய் என்றால் அவர் மட்டும் போதும். கையெழுத்துப் போட்ட பிறகு அவருக்கு இரண்டு மாதம் உண்டு. மனம் மாறினால் திரும்பி வந்து என் பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்கலாம். அது முடியும்வரை அந்தக் குழந்தையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்க முடியாது. பிரசவமான மறுநாள், பால் கட்டி வலிக்கிற மார்போடு, வீட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ என்ற பயத்தோடு, பக்கத்தில் நிற்கும் அண்ணன் நீட்டும் பேனாவை வாங்கிப் போடும் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது யாரோ ஒருவருக்குப் புரிந்திருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தில் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகும் முன் தாய் தரும் சம்மதம் செல்லவே செல்லாது. நாடு விட்டு நாடு தத்துக்கான 1993 ஹேக் ஒப்பந்தமும் தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பிறகுதான் வாங்கப்பட வேண்டும் என்கிறது, இந்தியா 2003-ல் அதில் சேர்ந்தது. வயிற்றில் இருக்கும்போதே பேசி முடிக்கிற நம் ஊர் ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கணக்கில் பூஜ்யம்.

தொட்டில் குழந்தை இதில் தனி வகை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தமிழக அரசு ஆரம்பித்த திட்டம் அது, பெயர் சொல்லாமல் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம். உயிர் தப்பியது பெரிய விஷயம், மறுக்கவே மாட்டேன். ஆனால் சட்டப் பார்வையில் அந்தக் குழந்தைக்குச் சம்மதம் சொல்ல யாருமே இல்லை. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றவர்களைத் தேட வேண்டும், பத்திரிகையில் படம் போட வேண்டும், இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதத்துக்குள், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்துக்குள் நலக்குழு முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். எப்போதாவது நாளிதழின் உள்பக்க மூலையில் தபால்தலை அளவில் ஒரு கைக்குழந்தையின் படமும் கீழே உரிமை கோருவோர் அணுகலாம் என்ற வரியும் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது.

இத்தனையும் முடிந்த பிறகு, காரா என்று எல்லோரும் சொல்கிற மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் காத்திருக்கும் தம்பதிக்குக் குழந்தை காட்டப்பட்டு, அவர்கள் 48 மணி நேரத்துக்குள் சரி சொல்லி, நேரில் பார்த்து, வீட்டுக்கும் அழைத்துப் போன பிறகு, கடைசியாக ஒரு உத்தரவு வேண்டும். 2022 ஆகஸ்ட் வரை அதைக் கொடுத்தது நீதிமன்றம். 2021-ல் நிறைவேறிய திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்து, இப்போது கொடுப்பது மாவட்ட ஆட்சியர். கோர்ட்டில் கேஸ்கள் தேங்குகின்றன, இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டியது வருஷக்கணக்கில் இழுக்கிறது என்பது காரணம். நியாயமான புகார்தான். மாற்றம் வந்த வேகத்தில் நிலுவையில் இருந்த வழக்குகளையும் கலெக்டர்களுக்கு அனுப்பச் சொல்ல, 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நடுவில் மாட்டிய தம்பதிகள் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமா.

என் அபிப்பிராயம் கேட்டால், வேகம் நல்லது, ஆனால் ஒரு நெருடல் இருக்கிறது. அதே திருத்தம் மாவட்டத்தில் குழந்தைப் பாதுகாப்பு வேலைகள் அனைத்தையும் மேற்பார்க்கும் பொறுப்பையும் ஆட்சியரிடமே கொடுத்திருக்கிறது. தன் கீழ் உள்ளவர்கள் தயாரித்துக் கொண்டுவந்த கோப்பில் அவரே தீர்ப்பும் சொல்கிறார். தாய் நிஜமாகவே சம்மதித்தாளா, பணம் கைமாறியதா என்று சந்தேகத்தோடு கேட்பது நீதிபதிக்குத் தொழில். வெள்ளம், தேர்தல், குறைதீர் கூட்டம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆட்சியருக்கு அது கையெழுத்துக்கு வந்த நாற்பது கோப்புகளில் ஒன்று. நல்ல ஆட்சியர்கள் நிறுத்தி நிதானமாகக் கேட்பார்கள்தான், நல்ல ஆளை நம்பி அமைப்பைக் கட்டக் கூடாது என்பதுதான் என் கவலை.

உறவுக்குள் தத்து எடுப்பவர்களுக்கும் இந்தப் பாதை திறந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது பலருக்குத் தெரியாது. சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை உறவு என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. காரா இணையதளத்தில் பதிந்து, பெற்றவர்களின் எழுத்துபூர்வ சம்மதம் கொடுத்து, ஆட்சியரின் உத்தரவு வாங்கலாம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு, குழந்தைக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் அதன் சம்மதமும் வாங்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை என்ன சொல்லும் என்று சிரிப்பவர்கள், ஐந்து வயதில் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு வரப்பட்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள், அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் வரை சொல்வார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு பெற்றவரைத் தேடலாமா என்றால், 18 வயதுக்கு மேல் தானே விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒப்படைக்கும்போதே என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று தாய் கேட்டிருந்தால் மறுபடியும் அவர் சம்மதம் வேண்டும்.

எங்கள் தங்கைக்கு இந்த உறவுப் பாதையும் மூடிவிட்டது, வயது 22. பழைய தேதியில் புதுப் பத்திரம் எழுதலாமே என்று ஊரில் ஒருவர் யோசனை சொன்னார், வக்கீல் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவந்தார். புதிதாகத் தத்து எடுக்க முடியாது, 2003-ல் எடுத்ததை எடுத்ததாக அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. வாதி அவள், பிரதிவாதிகள் அவளுடைய இரண்டு அப்பா இரண்டு அம்மா. நாலு பேரும் வழக்கை எதிர்க்கவில்லை, ஆனாலும் ஆதாரம் வேண்டும், ஒருவரும் எதிர்க்கவில்லை என்பதற்காகத் தத்து நடந்துவிட்டதாக ஆகிவிடாது.

சித்தி சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று நான் பின் பெஞ்சில் இருந்தேன். பத்திரத்தைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். சாட்சி என்ற இடத்தில் ஏன் போட்டீர்கள் என்றார் நீதிபதி. "அண்ணன் பேனாவை நீட்டி இங்கே போடுன்னாங்க, போட்டேன்" என்றார். வக்கீல் முகம் சுருங்கியது எனக்கே தெரிந்தது. அப்படியானால் குழந்தையைக் கொடுத்தது யார் என்று நீதிபதி விடாமல் கேட்டார். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான்தான் கொடுத்தேன். தலை சீவி, பூ வச்சு, புதுப் பாவாடை கட்டிவிட்டு, நான்தான் தூக்கிட்டுப் போய் மதினி மடியில உட்கார வச்சேன். மதினி முந்தானையை விரிச்சு வாங்கினாங்க. வேற யாரும் தொடல" என்றார். நீதிபதி தட்டச்சரைப் பார்த்து, மடியில் வைத்தேன், முந்தானையில் வாங்கினார், இரண்டையும் அப்படியே போடுங்கள் என்றார்.